கோ-ஆப் வேலையா, படிப்பு முடித்த பிறகு வேலையா?

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் மாமாவின் மகன் கனடாவில் படிக்கிறான். படிப்பின் ஒரு பகுதியாக நிறுவனத்தில் செய்யும் கோ-ஆப் வேலையின் 8 மாதச் சம்பளச் சீட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "பாதி பி.ஆர். வந்தாச்சுதானே?" என்றார் மாமா, கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையைச் சொல்லி.

இல்லை மாமா. கனடாவில் வேலை செய்த அனுபவத்தை வைத்து பி.ஆர். கேட்கும் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் பிரிவில், முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை ஒரு மணிகூடச் சேராது, கோ-ஆப் ஆனாலும் சரி. படிப்பு முடிந்து ஒர்க் பர்மிட்டில் செய்யும் திறன்சார் வேலைதான் கணக்கு: கடைசி 3 ஆண்டுகளுக்குள் 1,560 மணி நேரம், விட்டு விட்டுச் செய்திருந்தாலும் பரவாயில்லை. அவசரப்பட்டு வாரம் 60 மணி உழைத்தாலும் 30 மணிதான் எடுத்துக்கொள்வார்கள்.

பி.ஆருக்கான இன்னொரு வழியான ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவு இதில் கொஞ்சம் தாராளம். சம்பளத்தோடு, ஓராண்டு இடைவிடாமல் செய்த திறன்சார் வேலை என்றால் மாணவர் காலத்ததும் எடுபடலாம். நாலு மாதம் வேலை, நாலு மாதம் வகுப்பு என்று ஓடும் கோ-ஆப்பில் அது எங்கே அமையும்?

"அப்போ அந்தச் சீட்டெல்லாம்?" என்றார். முதல் வேலை தேடும்போது காட்டலாம், பத்திரமா வைக்கச் சொல்லுங்க என்றேன்.