பள்ளி எழுதும் பட்டியல்: ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அறக்கட்டளை குறித்து ஒரு முன்னாள் மாணவனின் மதிப்பீடு

அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள், என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்ற கேள்வி, பொருள் வந்து இறங்கிய பிறகே பெரும்பாலும் எழுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். விருதுநகர் மாவட்டத்தில் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்காக, உடன் படித்த ஐந்து பேரோடு சேர்ந்து சிறிய தொகை ஒன்றைத் திரட்டினோம். அதை யார் வழியாகக் கொடுப்பது என்று பல நாள் பேசிய பின், தமிழக அரசின் முன்முயற்சியில் உருவான ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அறக்கட்டளையைத் தேர்ந்தெடுத்தோம். எங்களைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால், அதன் நிறைகளையும் அது இன்னும் எட்டாத இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

2022 டிசம்பர் 19 அன்று சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். தன் சொந்தப் பணத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார். டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைவராகவும், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதராகவும் பொறுப்பேற்றார்கள். தமிழ்நாட்டில் உள்ள முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை முன்னாள் மாணவர்களோடும் நிறுவனங்களோடும் வெளிநாட்டில் வாழும் தமிழர்களோடும் இணைப்பதே நோக்கம். கொடுப்பவர் தன் மாவட்டம், ஒன்றியம், பள்ளி என்று தேடிச் சென்று அந்தப் பள்ளியின் தேவைகளைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை ஏற்பாடு.

இந்த எண்ணம் புதியதன்று. 1958-இல், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஊரார் முன்னிலையில் பட்டியல் எடுக்கப்பட்டது. நிலம் உள்ளவர் நிலமும், வசதியுள்ளவர் பணமும், மற்றவர்கள் பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று தங்களால் இயன்றதும் கொடுத்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோதும் ஊர்மக்கள் கொடுத்த தானியமும் காசும்தான் முதல் அடுப்பை எரியவைத்தன. அன்று கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று கொடுக்கக்கூடியவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருப்பதால் அந்த மரத்தடி ஓர் இணையதளமாக மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரசு கொடுக்கும் பணம் போதாதா என்று எங்களில் ஒருவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. அது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: முப்பது பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், நூறு பேர் வரை 25,000 ரூபாய். எங்கள் பள்ளியில் இப்போது அறுபத்து நான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள். சுண்ணக்கட்டி, பதிவேடு, சிறு பழுது, துடைப்பம், பினாயில் எல்லாம் அந்த 25,000-க்குள் அடங்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியாக வேண்டும். போதாக்குறைக்கு, ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் சேர மறுத்த விவகாரத்தில், இதே கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25-ஆம் ஆண்டுக்கு மாநிலத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. நன்கொடை என்பது அரசின் கடமைக்கு மாற்றாக முடியாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் அந்த வாதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

பணத்தைக் கொடுக்கும் முன் பள்ளிக்கு நேரில் போனோம். நாங்கள் ஆறு பேரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது பெரிய திரை வைத்த ஸ்மார்ட் டி.வி. தலைமையாசிரியை எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, அலுவலக அறையின் மூலைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் விழா எடுத்து, பெயர்ப்பலகை மாட்டி, படம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனதாம். வடிகட்டியை மாற்றுவதற்கு வருடாவருடம் ஆகும் செலவை யார் தருவது என்று அன்று யாரும் பேசவில்லை; பழுதான பிறகு தொலைபேசியில் கூப்பிட்டபோது, அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்று பதில் வந்ததாம். இப்போது அந்த இயந்திரத்தின் தலையில் சத்துணவுக் கூடத்தின் காலி முட்டை அட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. பெயர்ப்பலகை மட்டும் பளபளப்பாக இருந்தது.

“டி.வி. வேண்டாம்னு சொல்லலை தம்பி. கீழ் போர்டை மொதல்ல பாருங்க” என்றார் அவர்.

கீழ் போர்டு என்பது கீழ்மட்டக் கரும்பலகை. செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுவதும் வந்த காலத்தில், பிள்ளைகள் தரையில் அமர்ந்தபடியே எழுதுவதற்காக வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிலும் போடப்பட்டது; ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பங்கு என்று ஒரு கட்டம் உண்டு. இந்தப் பள்ளியில் அது சாம்பல் பூத்து, சில இடங்களில் காரை பெயர்ந்து, சுண்ணக்கட்டியே பிடிக்காத நிலையில் இருந்தது. இரண்டே ஆசிரியர்கள், ஒருவர் முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் பார்க்கிறார், தலைமையாசிரியை நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டே அலுவலக வேலையும் செய்கிறார். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடக்கும் நேரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாமாக எழுதிப் பழக அந்தச் சுவர்தான் ஒரே வழி. அதாவது அது பிள்ளைகளுக்கான வசதி மட்டுமில்லை, அந்த ஆசிரியைக்கு மூன்றாவது கையும்கூட. நாங்கள் ஆறு பேரும் உட்கார்ந்து எத்தனை நாள் யோசித்திருந்தாலும் இது எங்களுக்குத் தோன்றியிருக்காது. அவர் தந்த பட்டியலில் மற்றவை: கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரும் சின்டெக்ஸ் தொட்டியும், இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள், கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடக் கயிறும் கிளிப்பும். பெற்றோர்களே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசிய பட்டியல் என்பதால் கழிப்பறைதான் முதல் வரியில் இருந்தது, அம்மாக்கள் கேட்டுக்கொண்டதாம்.

இந்த அறக்கட்டளையின் ஆகப் பெரிய நன்மையாக நான் கருதுவது இதைத்தான்: பட்டியலை எழுதும் உரிமை பள்ளியிடம் இருக்கிறது. கொடுப்பவர் தன் விருப்பத்தைத் திணிப்பதற்கு முன், பள்ளி என்ன கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறார். அடுத்த நன்மை கணக்கு. உள்ளூரில் யாராவது ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு கேட்கவும் கூச்சப்பட்டு, கேட்காமலும் இருக்க முடியாமல் தவிக்கும் நிலை இதில் இல்லை. நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு உண்டு. ஆனால் புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடைக்காது என்பதைக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எங்களில் இருவர் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். வருத்தப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், முகம் கொஞ்சம் மாறியது.

குறை என்று நான் நினைப்பவை அமைப்பின் நேர்மை சார்ந்தவை அல்ல, அதன் போக்கு சார்ந்தவை. 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதே பிரிவு, நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆகவே ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள பள்ளிக்கு வாசலிலேயே கொடையாளர் இருக்கிறார். கல்வராயன் மலையில் உள்ள பள்ளிக்கு இல்லை. முன்னாள் மாணவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். நன்றாகச் சம்பாதிக்கும் மாணவர்களை உருவாக்கிய பள்ளிக்கு மீண்டும் கிடைக்கும். படித்தவர்கள் எல்லோரும் கூலி வேலைக்குப் போன ஊரின் பள்ளிக்கு யார் கொடுப்பது? குறிப்பிட்ட பள்ளியைச் சொல்லாமல் வரும் பொது நன்கொடையில் பெரும்பங்கை இத்தகைய பள்ளிகளுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மற்றொன்று ஆசிரியர்கள். கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடையாளர் எளிதில் கிடைக்கிறார். ஆசிரியரின் நேரத்துக்குக் கொடுப்பவர் அரிது. மாணவர், பள்ளி விவரங்களுக்கான அரசின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியவை ஒருபுறம், தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்யும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கான பயிற்சித்தாள்கள் மறுபுறம், இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவர்களே. பாட்டு, ஓவியம், விளையாட்டு ஆகியவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் வந்துபோக ஒருவர், பிரிண்டருக்கு மை, பக்கத்து ஒன்றியத்தில் நல்லபடியாக வகுப்பு நடத்தும் பள்ளியைப் போய்ப் பார்த்துவர பஸ் செலவு போன்ற சிறிய, படமெடுக்க முடியாத தேவைகளுக்கும் கொடையாளர்களைப் பழக்க வேண்டும். பொருளைக் கொடுப்பவர் மூன்றாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தால், முட்டை அட்டைக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கும்; அது நல்லதுதான்.

கீழ் போர்டுக்கு இப்போது பச்சை வண்ணம் அடித்தாயிற்று. தண்ணீர்த் தொட்டியும் ஏறிவிட்டது. இந்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சத்தமாக வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓர் ஆள் வேண்டும் என்றார். எங்கள் ஆறு பேரில் ஒருவன் சாத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை மதியம் கடையில் கூட்டம் குறைவு என்று சொல்லியிருக்கிறான்.