ஜியோ ஃபைபர்: 399 ரூபாய் திட்டமா, 699 ரூபாய் திட்டமா?

2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் அறிமுகமானபோது ஆரம்பத் திட்டமே 699 ரூபாய். வேகம் 100 எம்பிபிஎஸ், ஆனால் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இது மாறியது: 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் திட்டம் வந்தது, இரண்டுமே ‘அன்லிமிடெட்’ ஆயின. மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு இருந்தாலும் சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது கடினம். ஆக, டேட்டா கவலை போய்விட்டது. இனி வேகத்துக்குத்தான் காசு.

18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஒன்று சுமார் 471 ரூபாய், மற்றொன்று 825. வருடத்துக்கு 4,248 ரூபாய் வித்தியாசம். சின்னத் தொகை இல்லை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் பார்க்க 15 எம்பிபிஎஸ் போதும். ஒரு டிவி, ஒரு ஆன்லைன் வகுப்பு, இரண்டு மொபைல் என்றால் 30 தாராளமாகத் தாங்கும். வேறுபாடு தெரிவது பெரிய கோப்புகளில்தான். 60 ஜிபி விளையாட்டை இறக்க 30-இல் நாலரை மணி நேரம் ஆகும். 100-இல் 80 நிமிடம். வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் யோசிக்காமல் 699-க்குப் போகலாம், அப்லோடும் அதே வேகம் என்பதால்.

படுக்கையறையில் சிக்னல் வரவில்லை என்பதற்காக மட்டும் திட்டத்தை உயர்த்த வேண்டாம். அது பெரும்பாலும் சுவர் செய்யும் வேலை; முதலில் ரவுட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.