மீட்டர் ஓடுது, வண்டி ஓடலை

கொரட்டூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்த கார் மெக்கானிக் ஷெட். பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, வாசலில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் பானட்டைத் திறந்துபோட்டபடி ஏதாவது ஒரு வண்டி. பத்து வருஷமாக அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன், உள்ளே நுழைந்ததில்லை. போன மாதம் நுழைய வேண்டி வந்தது.

என்னுடையது 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார். அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு யூ டர்ன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் கிளட்ச்சை விட்டேன். இடது சக்கரப் பக்கம் 'டொப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமுகிறது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், அதே கதை. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "இறங்கித் தள்ளணுமாடி?" என்று அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். டீக்கடையில் நின்ற மூன்று பேர் வந்து தள்ள, சிரமமே இல்லாமல் ஓரத்துக்கு உருண்டது.

தள்ளிய மூன்று பேருமே "கிளட்ச் போயிடுச்சு" என்றார்கள். 1,500 ரூபாய் கொடுத்து டோயிங் வண்டியில் ஏற்றிப் போன பெரிய ஒர்க்‌ஷாப்பிலும் அதையேதான் சொன்னார்கள். பெயர் வேண்டாம். ஏசி அறை, காபி எல்லாம் உண்டு. சூப்பர்வைசர் என் கண் முன்னாலேயே ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டுக் காட்டினார். "கிளட்ச் நல்லா இருந்தா இந்நேரம் எஞ்சின் ஆஃப் ஆகியிருக்கணும் மேடம். ஆகலை பாருங்க." கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் மாற்ற 13,800 ரூபாய், மூன்று நாள்.

கிளட்ச் செட்டை மாற்றி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் இந்த ஷெட்டைச் சொன்னார். மறுபடியும் டோயிங், 800 ரூபாய் தண்டம்.

ஷெட்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தொடவே இல்லை, முதலில் என்னைத்தான் விசாரித்தார். "கருகின வாடை ஏதாச்சும் வந்துச்சாம்மா?" இல்லை. "தள்ளும்போது உருண்டுச்சா?" உருண்டது. "அப்ப பிரேக் பிடிச்சுக்கல. சரி, வளைக்கும்போது கட கடன்னு சத்தம் கேட்டுச்சா, கொஞ்ச நாளா?"

கேட்டது. மூன்று மாதமாகக் கேட்டது. நான் எஃப்.எம். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கூட வேலை செய்யும் தம்பியை விட்டு பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைக்கச் சொன்னார். "இப்ப கியர்ல போட்டு விட்டாலும் வண்டி நிக்காதும்மா. ஹேண்ட்பிரேக்கை நம்பித்தான் இருக்கு." அப்புறம் என்னையே உட்கார வைத்து, ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு கிளட்ச்சை முழுக்க விடச் சொன்னார். "லேசா ஆக்சிலரேட்டர் குடு. முள்ளைப் பாரு."

ஸ்பீடோமீட்டர் முள் எழுந்து இருபதைத் தொட்டது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

"மீட்டர் ஓடுது, வண்டி ஓடலை. கிளட்ச் போயிருந்தா முள் அசையாதே?" என்றார். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் மீட்டருக்கு வேகக் கணக்கு கியர் பாக்ஸிலிருந்து போகிறதாம். முள் எழுந்தால் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் தங்கள் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம், அறுந்தது அதற்கு அப்பால்தான். சக்கரத்திலிருந்தே கணக்கு எடுக்கிற புது வண்டிகளில் இந்த வித்தை பலிக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

டார்ச்சைக் கையில் கொடுத்து, தம்பியை உள்ளே உட்கார வைத்து, "தள்ளி நின்னு குனிஞ்சு பாரும்மா, துப்பட்டாவைச் சொருகிக்கோ" என்றார். இடது சக்கரம் அசையாமல் நிற்கிறது. அதற்குச் சுழற்சியைக் கொண்டுவர வேண்டிய ஆக்சில் தண்டு மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் தெறித்துக் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த ஹேண்ட்பிரேக் சோதனை புரிந்தது. சக்கரம் ஆக்சிலோடு பிணைந்திருந்தால்தானே பிரேக்கின் இறுக்கம் எஞ்சினை அமுக்கும்? நடுவில் அறுந்து கிடந்தால் கிளட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை. ஒரே சோதனையோடு நிறுத்திக்கொண்டார், குனிந்து பார்க்கவில்லை. வலது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, அது ஏன் வண்டியை இழுக்கவில்லை என்று பெரியவரிடம் கேட்டேன். "டிஃபரன்ஷியல் சோம்பேறிம்மா. எந்தப் பக்கம் லேசா இருக்கோ அந்தப் பக்கமே சுத்திட்டு இருக்கும்." எஞ்சினின் சுழற்சியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பாகம்தான் டிஃபரன்ஷியலாம்.

மறுநாள், ஆக்சில் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கிற ஜாயின்ட்டைக் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளின் மேல் பரப்பிக் காட்டினார். ஆறு இரும்புக் குண்டுகள், அவற்றைப் பிடித்து வைக்கும் கூடு மூன்று துண்டாக உடைந்திருந்தது. கிரீஸை விரலால் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று மணல். மேலே மூடியிருக்க வேண்டிய ரப்பர் பூட் எப்போதோ கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, தண்ணீரும் மண்ணும் உள்ளே போயிருக்கிறது. சத்தம் வருவதற்கு முன்பே பார்த்திருந்தால் சில நூறு ரூபாய் ரப்பரோடு போயிருக்கும் என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

புதுப்பேட்டையில் பழைய ஆக்சிலை முழுசாகவே மலிவாக வாங்கலாமே என்று கேட்டதற்கு, "எவன் எவ்வளவு ஓட்டினதோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சக்கரப் பக்க ஜாயின்ட்டும் ரப்பர் பூட்டும் புதிது 2,600, கியர் ஆயில் 650, ஆயில் சீல் 150, கூலி 900. ஆக மொத்தம் 4,300. ஆக்சிலை உருவும்போது கியர் ஆயில் வழிந்துவிடும், அதனால் ஆயிலும் சீலும் சேர்கின்றன. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்காமலேயே பையில் போட்டுக் கொடுத்தார்.

குறையும் உண்டு. நாளை மதியம் என்று சொன்னவர் மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வண்டியைக் கொடுத்தார். போன் எடுக்கவே மாட்டார். முறையான பில் கிடையாது, டைரித் தாளில் எழுதிக் கிழித்துத் தருகிறார். உட்கார ஒரு பெயின்ட் டப்பா, பெண்கள் காத்திருக்கத் தோதான இடம் இல்லை. ஸ்டியரிங்கில் கிரீஸ் கைரேகை, துடைத்தும் முழுசாகப் போகவில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

வலது பக்க ரப்பர் பூட்டிலும் வெடிப்பு விழுந்திருக்கிறதாம், மழை தொடங்குவதற்குள் வரச் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை போகாதீர்கள். பழுதுக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு வண்டியின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். எது என்று தம்பிக்கும் தெரியாது.