ஹடூப்பிலிருந்து லோக்கல் டிஸ்க்குக்கு: கெட் சரி, கெட்மெர்ஜ் உஷார்

பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில் பெரிய டேட்டாவைச் சேமித்துக் கையாளும் மென்பொருள் ஹடூப்; அதன் கோப்பு முறைமை எச்டிஎஃப்எஸ். அதில் கிடக்கும் டேட்டாவை லோக்கல் டிஸ்க்குக்கு இறக்க ஹடூப்பே மூன்று கட்டளைகள் தருகிறது: கெட், காப்பிடுலோக்கல், கெட்மெர்ஜ். முதல் இரண்டும் வேலையில் ஒன்றுதான். காப்பிடுலோக்கல் லோக்கல் பாதையை மட்டுமே இலக்காக ஏற்கும், அவ்வளவே.

கெட்டுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். படிக்கும்போதே செக்சம் (டேட்டா பழுதாகவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்த்துவிடுகிறது. ஒரு பிரதி பழுதென்றால் வேறு டேட்டாநோடில் (டேட்டாவைச் சேமிக்கும் கணினியில்) உள்ள பிரதிக்குத் தானே போய்விடும். இறங்கி முடியும்வரை கோப்பின் பெயரில் ‘காப்பியிங்’ என்ற வால் ஒட்டியிருக்கும் என்பதால், அரைகுறைக் கோப்பை அடுத்த ஸ்கிரிப்ட் எடுத்து ஓட்டிவிடாது. அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் ‘-எஃப்’ இல்லாமல் மேலெழுதவும் மாட்டேன் என்கிறது.

குறை என்றால், பாதியில் அறுந்த கோப்பை விட்ட இடத்திலிருந்து தொடராது. நூற்றுக்கணக்கான ஜிபி உள்ள ஒற்றைக் கோப்புக்கு எச்டிடிபி வழியாக எச்டிஎஃப்எஸ்ஸை அணுகும் வெப்எச்டிஎஃப்எஸ்தான் சரி: நேம்நோடின் (எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியலை வைத்திருக்கும் கணினியின்) 9870 போர்ட்டில் ‘ஓப்பன்’ கேட்டு, ஆஃப்செட் (எந்த பைட்டிலிருந்து என்ற எண்) கொடுத்தால் மீதி மட்டும் வரும். கர்ல் என்ற டவுன்லோடு கட்டளையில் ‘-எல்’ (பெரிய எழுத்து) போடாவிட்டால், டேட்டாநோடுக்கு அனுப்பும் ரீடைரக்ட்டோடு நின்றுவிடும்.

பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருந்தாலும் கெட் நொண்டும். இயல்பில் ஒரே த்ரெட், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான். 3.4 பதிப்பில் ‘-டி 8’ போட்டுப் பாருங்கள்.

எல்எஸ் கட்டளை கோப்புப் பட்டியலைக் காட்டுகிறது, கெட் மட்டும் ‘பிளாக் கிடைக்கவில்லை’ (பிளாக் என்பது கோப்பின் துண்டு) என்று விழுகிறதா? பெரும்பாலும் கோப்பில் கோளாறு இருக்காது. பட்டியல் தருவது நேம்நோடு, டேட்டா தருவது டேட்டாநோடு. அதன் 9866 போர்ட் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும், அல்லது கிளஸ்டரின் உள் ஐபி வெளியிலிருந்து எட்டாது. பின்னதற்கு, கிளையன்ட் கான்ஃபிக்கில் டேட்டாநோடின் ஹோஸ்ட்நேமைப் பயன்படுத்தும் அமைப்பை ட்ரூ ஆக்கி, அந்தப் பெயர்களை ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இறக்கும் முன், அளவைச் சொல்லும் ‘டியு -எஸ் -எச்’ கட்டளை காட்டும் இரண்டு எண்களில் முதலாவதைப் பாருங்கள். இரண்டாவது, பிரதிகளையும் சேர்த்த அளவு. லோக்கலில் அவ்வளவு இடம் தேவையில்லை.

கெட்மெர்ஜ்தான் வம்பு. ஒரு வேலையின் வெளியீடு துண்டுதுண்டாக விழும் பார்ட் கோப்புகளைத் தைத்து ஒன்றாக்கும், உள்ளே இருப்பது என்னவென்று பார்க்காது. சிஎஸ்வி என்றால் ஒவ்வொரு பார்ட்டின் ஹெடரும் நடுநடுவே நிற்கும். பார்க்கே (நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் பைனரி வடிவம்) என்றால் ஒட்டிய கோப்பு எதற்கும் உதவாது. ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் புது வரி போடும் ‘-என்எல்’ சேர்த்தால், வேலை முடிந்ததற்கு அடையாளமான காலி ‘_சக்சஸ்’ கோப்பால் முதல் வரியே வெற்று வரியாகும். கூடவே ‘-ஸ்கிப்-எம்ப்டி-ஃபைல்’ போடுங்கள். இன்னொன்று, பக்கத்திலேயே புள்ளியில் தொடங்கும் சிஆர்சி கோப்பு (செக்சம் வைத்திருப்பது) ஒன்றை மறைவாக விட்டுச்செல்லும். கோப்பைத் திருத்தித் திரும்ப எச்டிஎஃப்எஸ்ஸில் ஏற்ற ‘புட்’ செய்தால் செக்சம் பிழை வருவது அதனால்தான். அந்த சிஆர்சி கோப்பை அழித்துவிட்டு ஏற்றுங்கள்.

இறங்கிய கோப்பு சரிதானா என்று பார்க்க ‘-செக்சம்’ உதவாது. அது தருவது பிளாக்குகளின் சிஆர்சிகளுக்குப் போட்ட எம்டி5-களின் எம்டி5 (எம்டி5 என்பது கைரேகை போன்ற எண்), லோக்கல் எம்டி5சம்மோடு ஒத்துப்போகாது. கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே தரும் ‘-கேட்’ வெளியீட்டை எம்டி5சம்முக்கு பைப் செய்து ஒப்பிடுங்கள்.

வேகத்துக்காக, பல நோடுகளில் பிரித்து நகலெடுக்கும் டிஸ்ட்சிபியை லோக்கல் பாதைக்கு ஏவாதீர்கள். நகலெடுக்கும் மேப் வேலை எந்த நோடில் ஓடுகிறதோ அந்த நோடின் டிஸ்க்கில்தான் கோப்பு விழும், கிளஸ்டர் முழுக்கச் சிதறி.