பின்தங்கும் பிள்ளைக்கு மாலை மையமா, அரும்பு-மொட்டு-மலரா, கூடுதல் ஆசிரியரா?

மூன்றாம் வகுப்பு முடித்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கென்று அரசு பணம் ஒதுக்கினால், அது யார் கைக்குப் போகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு வழிகளைப் பெரிய அளவில் பார்த்துவிட்டோம். மூன்றாவது வழி ஓரமாக நிற்கிறது.

முதல் வழி மாலை மையம். இல்லம் தேடிக் கல்வி என்ற அந்தத் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பாடம், மாதம் 1,000 ரூபாய். பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய்! அந்த விலைக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு, தமிழ்நாட்டு ஊரகப் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தது. கொரோனாவில் இழந்த கற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. ஆனால் 1,000 ரூபாய் சம்பளம் ஆகாது. வேறு வேலை கிடைத்தால் அந்தத் தன்னார்வலர் போய்விடுவார். போகக் கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? பிற்பாடு மையங்களும் குறைக்கப்பட்டன.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கிறது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. வயதைப் பார்க்காமல், தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிப்பது நல்ல யோசனை. பிள்ளை மாலையில் வருவானா மாட்டானா என்ற கவலை இல்லை. பணம் பயிற்சிக்கும் பயிற்சி நூலுக்கும் துணைக்கருவிக்கும் போகிறது, புதிய ஆளுக்குப் போவதில்லை. ஈராசிரியர் பள்ளியை நினைத்துப் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகளைக் கவனித்து, இடையில் எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவும் போட வேண்டும். அரும்பு நிலைப் பிள்ளைக்குத் தனியாக உட்கார ஓர் ஆள் அங்கே ஏது?

ஆக, மூன்றாவது வழி. பள்ளி நேரத்திலேயே பின்தங்கியவர்களுக்கென்று தனி ஆள். இது புதிதல்ல. வதோதராவிலும் மும்பையிலும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 'பால்சகி' என்று நடத்தியது: உள்ளூர்ப் பெண்கள், நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம், மாதம் 500 முதல் 750 ரூபாய். பின்னாளில் நோபல் பெற்ற பானர்ஜி, டுஃப்லோ உள்ளிட்டோர் அதை ஆராய்ந்தபோது, பெரிதும் முன்னேறியவர்கள் வகுப்பில் கடைசியில் இருந்த பிள்ளைகளே. திட்டம் நின்று ஓராண்டில் பலனில் பெரும்பகுதி கரைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

செலவுதான் இடிக்கிறது. இங்கே பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கும் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய், அதாவது பன்னிரண்டு தன்னார்வலர்களுக்கான தொகை. எல்லாப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் 60 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத சர்ச்சையில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றதைப் பார்த்த பிறகு, ஆள் சம்பளத்தை அந்தக் கணக்கில் மட்டும் எழுதி வைப்பது ஆபத்து.

என் தேர்வு கலவைதான். அரும்பு-மொட்டு-மலர் இருக்கட்டும். ஈராசிரியர் பள்ளிகளில், முதல் மூன்று வகுப்புகளுக்கு மட்டும், காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மாநில நிதியில் ஓர் உள்ளூர் ஆள் வேண்டும். 12,000 இல்லாவிட்டாலும் 4,000, 5,000 ஆவது தரலாம். மாலை மையத்தைக் கோடை விடுமுறைக்கும் நீண்ட இடைவெளிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்கெனத் தொடங்கியுள்ள 'திறன்' திட்டமும் தேவைதான். ஆனால் அங்கே வந்து சேரும் பிள்ளை ஏற்கெனவே ஐந்து வருடம் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தவன்.