பெருவள்ளியா, சிறுவள்ளியா? மண்ணின் ஆழத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

பெருவள்ளி, சிறுவள்ளி இரண்டும் கொடியில் வளரும் வள்ளிக்கிழங்கு வகைகள். வெயிலும் மழையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், வளரும் மாதங்களில் பரவலாக 1000–1500 மி.மீ. மழை, லேசான அமிலத்தன்மையுள்ள மண். 20 டிகிரிக்குக் கீழே போனால் கொடி மந்தமாகிவிடும். பகல்பொழுது சுருங்கும்போதுதான் கிழங்கு வேகமாகப் பருக்கும். அதனால் முதல் மழையோடு நட்டுவிட வேண்டும். பிந்தினால் இலை விரியும் முன்பே கிழங்கு பிடித்து, சிறுத்துப்போகும்.

வேறுபாடு மண்ணுக்குள்தான். பெருவள்ளி ஒன்றிரண்டு பெரிய கிழங்குகளை ஆழமாக இறக்கும். அடியில் பாறையோ இறுகிய களியோ தட்டினால் கிழங்கு விரல் விரலாகப் பிரிந்து கோணிக்கொள்ளும், தோண்டும்போது உடையும். அதற்காகத்தான் ஒரு முழம், அதாவது சுமார் 45 செ.மீ., நீள அகல ஆழத்துக்குக் குழி எடுத்து, மேல்மண்ணோடு ஒரு கிலோ மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, மேடு கட்டி நடுவது. குழிக்குக் குழி ஒரு மீட்டர். சிறுவள்ளி மேலாகவே கொத்துக் கொத்தாகக் கிழங்கு விடும்; பொலபொலப்பான மண்மேடும் 75 செ.மீ. இடைவெளியும் போதும். ஆழமில்லாத நிலத்தில் பெருவள்ளிக்குக் குழி வெட்டுவது கூலிக்குக் கேடு. தண்ணீர் தேங்கினால் இரண்டுமே அழுகும்.

விதைக்குப் பெருவள்ளியை 250–300 கிராம் துண்டுகளாக வெட்டலாம், ஒவ்வொன்றிலும் தோல் இருக்க வேண்டும். தலைத்துண்டு முந்தி முளைக்கும், வால்துண்டு பிந்தும். தனித்தனி வரிசையில் நட்டால் பராமரிப்பு எளிது. வெட்டுவாயில் சாம்பல் தடவி நிழலில் ஆறவிடுங்கள். சிறுவள்ளிக்கு 100–150 கிராம் முழுக்கிழங்கு. வெட்டும் வேலையே இல்லை.

முளைத்த பதினைந்து நாளுக்குள் கொம்பு நட வேண்டும். பெருவள்ளிக் கொடி நான்கு பட்டையாக, விளிம்பில் மெல்லிய இறகோடு வலப்பக்கமாகச் சுற்றும். சிறுவள்ளி முள்ளோடு இடப்பக்கமாகச் சுற்றும். மாற்றிச் சுற்றிவிட்டால் கொடி தானே பிரிந்து தொங்கும். (சிறுவள்ளிக்குக் கையுறை இல்லாமல் போகாதீர்கள்.)

விடாத மழையும் ஈரமும் உள்ள இடத்தில் பெருவள்ளியின் பெரிய எதிரி ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். இலை நரம்பு கறுத்து, பிறகு தண்டும் நுனியும் கருகும். அங்கே சிறுவள்ளியே பத்திரம்.

ஆனால் சேமிப்பில் பெருவள்ளிதான் கெட்டி. ஒன்பது, பத்து மாதத்தில் கொடி காய்ந்ததும் தோண்டி, காற்றோட்டமான நிழலில் அடுக்காமல் பரப்பினால் சில மாதம் தாங்கும். சிறுவள்ளியின் தோல் மெல்லியது. மண்வெட்டி பட்ட கிழங்கை முதலில் பிரித்தெடுத்துச் சமைத்துவிடுங்கள், குவியலில் விட்டால் பக்கத்துக் கிழங்கும் அழுகும்.