கோவையில் ஒரு குழந்தைகள் பல் மருத்துவமனை: பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

ஐந்து வயது மகளின் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை ஆழமாக இறங்கி, இரவில் வலியோடு எழுந்து அழும் நிலை வந்துவிட்டதால், கோவையில் குழந்தைகளுக்கென்றே நடத்தப்படும் ஒரு பல் மருத்துவமனைக்குச் சில மாதங்களாகச் சென்றுவருகிறோம். வேர்ச் சிகிச்சையின் நேர்த்தியை எடைபோடும் அளவுக்கு எனக்கு அதில் பயிற்சி இல்லை. அழுது அடம்பிடிக்கும் குழந்தையை அங்கே எவ்வாறு கையாளுகிறார்கள், கையாளும் முன் பெற்றோரிடம் எதையெல்லாம் சொல்கிறார்கள், எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இதற்கு முன் நாங்கள் காட்டிய வேறொரு இடத்தில், மகள் வாயைத் திறக்க மறுத்ததும் உதவியாளர் ஒருவர் காலையும் இன்னொருவர் தலையையும் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அவசரமாக வேலையை முடிக்கப் பார்த்தார். எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதன்பின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அவள் என் பின்னால் ஒளிந்துகொள்ளத் தொடங்கினாள்.

புதிய மருத்துவமனையில் முதல் நாள் பற்களை எண்ணியதோடு சரி. மருத்துவர் அவளிடம் எதைச் செய்வதற்கு முன்னும், என்ன செய்யப்போகிறார் என்று சொல்லி, அதைக் காட்டி, பிறகுதான் செய்கிறார். 1959-இல் ஆடில்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்துக் கொடுத்த முறை இது. எழுதும்போது எளிதாகத் தெரிந்தாலும் செய்து முடிக்கப் பொறுமை நிறையத் தேவைப்படுகிறது. காற்றைப் பீய்ச்சும் குழலை முதலில் அவளுடைய உள்ளங்கையில் அடித்துக் காட்டினார், சுழலும் பிரஷ்ஷை அவளுடைய கட்டைவிரல் நகத்தின்மீது ஓடவிட்டு, “கூசுதா கண்ணு?” என்று கேட்டு, அவள் சிரித்த பிறகே பல்லுக்குக் கொண்டுபோனார். இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேண்டுமென்றே அவள் நாலைந்து முறை கையை உயர்த்திப் பார்த்தபோதும், முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் நிறுத்தினார். அந்த நிமிடத்தில்தான் மகளுக்கு அவர்மீது நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்போதுதான் வந்தது.

பெற்றோருக்கும் இங்கே சில கட்டுப்பாடுகள் உண்டு. “அழுதா டாக்டர் ஊசி போட்டுருவாரு” என்று வீட்டில் மிரட்டக் கூடாது; சிகிச்சை அறையில் ஒருவர் மட்டும், குழந்தையின் கால்மாட்டில், வாய் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. பெற்றோரை வெளியே அனுப்பினால்தான் பிள்ளை அடங்கும் என்று ஒரு தந்தை வாதிட்டார். “நாலு பேரு புடிச்சா அஞ்சு நிமிசத்துல முடியற வேலை” என்று பேரனை அழைத்து வந்திருந்த ஒரு பாட்டி அலுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அம்மா ஒன்று சொல்ல, மருத்துவர் ஒன்று சொல்ல, குழந்தை யார் சொல்லைக் கேட்பதென்று திகைப்பதைவிட, கூடவே இருந்து வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவோ மேல்.

இந்தக் கருத்து வேறுபாடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பல் மருத்துவர்கள் குழந்தைகளைக் கையாளும் முறைகளில் எவற்றைப் பெற்றோர் ஏற்கிறார்கள் என்று அமெரிக்காவில் 1980-களிலிருந்தே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சொல்லிக் காட்டிச் செய்வதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கட்டிவைப்பதைப் பலர் விரும்புவதில்லை. ஆனால் காரணத்தை முன்கூட்டியே விளக்கிவிட்டால், தயங்கியவர்களிலும் பலர் இசைகிறார்கள். அலறும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் பழைய முறையை அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் 2006-இல் தன் வழிகாட்டுதலிலிருந்தே நீக்கிவிட்டது.

விளக்கத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை, குழந்தையின் பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு விஷயத்தில் நானே உணர்ந்தேன். “கேஸ் கொடுக்கலாம்” என்றதும் முதலில் மறுத்துவிட்டேன். இது ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகக் கொடுப்பது, குழந்தை தூங்கிவிடாது, கேட்டால் பதில் சொல்லும், வேலை முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுப்போம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகு சம்மதித்தேன். மகளுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்ததால் அன்றைக்கு வேண்டாமென்று அவரே திருப்பி அனுப்பியதையும் சொல்ல வேண்டும். மரத்துப்போவதற்கான ஊசிக்கு முன் ஈறில் ஜெல் தடவுகிறார்கள். உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் குழந்தை அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்று எச்சரித்து அனுப்பியதோடு, மாலையில் தொலைபேசியிலும் விசாரித்தார்கள்.

“விழப்போற பல்லுக்கு இவ்வளவு செலவா?” என்ற என் மாமியாரின் கேள்விக்கு, எக்ஸ்ரேயில் பால்பல்லுக்கு அடியில் காத்திருக்கும் நிலைப்பல்லைக் காட்டி, இந்தக் கடைவாய்ப் பல் விழப் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை ஆகும், அதுவரை அது அந்த இடத்தைக் காத்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அத்தை அதற்குமேல் பேசவில்லை. தொடக்க நிலைச் சொத்தை இருந்த இன்னொரு பல்லுக்கு, துளையிடாமல் வெள்ளி ஃப்ளோரைடு மருந்து தடவும் வழியைச் சொன்னபோது, அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை. சிரித்தால் தெரியாத பல் என்பதால் ஒப்புக்கொண்டோம்.

குறைகளும் உண்டு. பெரிய குறை ஒப்புதல் படிவம். அது ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. அதிலும், தேவைப்பட்டால் குழந்தையைப் பிடித்து அசையாமல் நிறுத்துவது முதல் மயக்கம் கொடுப்பது வரை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடக்கி, ஒரே கையெழுத்தில் இசைவு வாங்கிக்கொள்கிறார்கள். நேரில் இவ்வளவு பொறுமையாக விளக்குபவர்கள், தாளில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் மொத்தமாக எழுதி வாங்குகிறார்கள் என்பது விளங்கவில்லை. பிடித்து நிறுத்துவது பற்றிய வரியை அடிக்கச் சொன்னேன். வரவேற்பாளர் தயங்கினாலும், மருத்துவர் அடித்துக் கொடுத்துப் பக்கத்தில் தம் கையெழுத்தையும் போட்டார். நைட்ரஸ் ஆக்சைடுக்குத் தனிக் கட்டணம் என்பது பில் போடும்போதுதான் தெரியவந்தது. மாலை நேரத்தில் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு ஒருபோதும் உள்ளே அழைப்பதில்லை. பள்ளி விட்டு, பசியும் களைப்புமாக வந்த குழந்தை அந்தக் கூடத்திலேயே பாதிப் பொறுமையை இழந்துவிடுகிறது.

ஆகவே, போக நினைப்பவர்கள் பள்ளிக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லியாவது காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். படிவத்தை வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். கேஸுக்கும், சிகிச்சை முடிந்த பல்லின்மேல் உறைபோல் பொருத்தும் கேப்புக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீல் கேப்புக்கும் வெள்ளை நிறக் கேப்புக்கும் விலையில் கணிசமான வேறுபாடு இருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்கு நாங்கள் ஸ்டீலையே போட்டுக்கொண்டோம்.